துறை இருக்கப் போர்ட் எதற்கு?

விடுமுறை நாளொன்றில் விழிஞ்ஞம் சென்று திரும்பும் நம் இல்லத்துப் பிள்ளைகளை, ‘எங்கே போய் வந்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘போர்ட் பார்த்து வந்தோம்’ என்பார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. பெற்றோராகிய நாம் வீட்டில் வழங்கும் சொல்லையே அவர்கள் நமக்குத் திருப்பித் தருகிறார்கள். இதனைச் சுட்டிக்காட்டினால் நம்மவரிடம் விடையொன்று ஆயத்தமாக இருக்கிறது: ‘ஆங்கிலம் வளமான மொழி, ஒரே சொல் பல பொருளைத் தாங்கும், தமிழில் அது இயலுமா?’ இவ்வினாவைக் கேட்டும் வாளாவிருப்பது நம் மொழிக்கு நாமே இழைக்கும் தீங்காகும். ஆகவே அந்தப் ‘போர்ட்’ என்னும் சொல்லையே எடுத்து ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் பல என்பது உண்மையே. கப்பல் வந்து தங்கும் இடம் போர்ட். கப்பலில் முன்னோக்கி நிற்பவரின் இடப்பக்கமும் போர்ட். போர்ச்சுகல் நாட்டு இனிப்பு மதுவும் போர்ட். கணிப்பொறியில் கம்பியைச் செருகும் வாயிலும் போர்ட். இவை அனைத்தும் ஒரே வழியில் வந்தவை அல்ல. கப்பல் தங்குமிடத்தைக் குறிப்பது ‘போர்ட்டஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கணிப்பொறி வாயிலைக் குறிப்பதோ, கதவு என்று பொருள்படும் ‘போர்ட்டா’வின் வழிவந்தது. மதுவுக்கு, அது கப்பலேறிய ஒப்போர்ட்டோ நகரம் பெயர் தந்தது.

கப்பலின் இடப்பக்கம் இப்பெயர் பெற்ற வரலாறு சுவையானது. பழைய மேனாட்டுக் கப்பல்களில் திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. அது மோதி உடையாதிருக்க, இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்து நிறுத்தினர். துறையை ஒட்டிய பக்கம் துறையின் பெயரையே பெற்றது. எனினும் இடப்பக்கத்தை ‘லார்போர்ட்’ என்றும் வலப்பக்கத்தை ‘ஸ்டார்போர்ட்’ என்றும் கூவும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. காற்றின் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்து மாலுமிகளை மயக்கின. எனவே 1844-ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தலைமை, ‘லார்போர்ட்’டை விலக்கிப் ‘போர்ட்’ என்றே வழங்குமாறு ஆணையிட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கலம் செலுத்தியவரும் வணிகம் செய்தவரும் கருவி இயற்றியவரும் தத்தம் தொழிலிடத்தில் அச்சொல்லை வழங்கினர். வழங்க வழங்கப் பொருள் பெருகிற்று. சொல்லுக்கு வளம் தருவது அதனை வழங்கும் மக்களின் உழைப்பே.

இனி நம் ‘துறை’யை நோக்குவோம். ஆற்றிலும் குளத்திலும் இறங்கி நீராடும் இடம் துறை. படி கட்டினால் படித்துறை. கலம் அணையும் இடம் துறை. அதன் வாயில் துறைமுகம். அகத்திற்கும் புறத்திற்கும் துறை வகுத்தனர் இலக்கணப் புலவர். பாவினங்களுள் ஒன்று துறை; கலித்துறையை அறியாத தமிழ்ப் புலவர் இலர். கல்வித்துறை, மருத்துவத்துறை என அரசின் பிரிவுகளும் துறைகளே. ஒரு கலையை முற்றக் கற்றவரைத் ‘துறைபோகியவர்’ என்கிறோம். பலபொருள் குறித்த ஒருசொல்லை நம் இலக்கணம் வகுத்துக் கூறுகிறது. அத்தகைய சொற்களுக்கெனத் திவாகர நிகண்டு ஒரு தொகுதியையே ஒதுக்கியது. இத்துணை செல்வம் இருந்தும் தமிழில் அது இயலுமா என்று கேட்பது, நெற்குதிரின்மேல் அமர்ந்து அரிசி கடன் கேட்பதை ஒக்கும்.

விழிஞ்ஞம் பழந்துறை. ஆய் மன்னர் ஆண்ட ஊர். எட்டாம் நூற்றாண்டின் குடைவரைக் கோயில் இன்றும் அங்குள்ளது. பாண்டியரும் சோழரும் இதற்காகப் போர் புரிந்தனர். கலிங்கத்துப்பரணியும் இவ்வூரைக் குறிப்பிடுகிறது. 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்னும் பெருங்கலம் இங்குள்ள புதிய துறைமுகத்தை அடைந்தது. 2025 மே 2-ஆம் நாள் அத்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அப்போது மலையாளச் செய்தித்தாள்கள் அதனைத் ‘துறமுகம்’ என்றே எழுதின. நம்மோடு ஒரே வேரில் கிளைத்த மொழியினர் அச்சொல்லைப் போற்றிக் காக்க, நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் இந்நகரில் வந்து குடியேறிய நாம் அதனைக் கைவிடுகிறோம்.

கைவிடுவதால் இழப்பது சொல் ஒன்று மட்டுமா? திருவனந்தபுரத்துக் கடலோரமாகத் தெற்கே வாருங்கள்: வலியதுறை, பூந்துறை, பின்னர் விழிஞ்ஞம். எல்லை கடந்து குமரி மாவட்டத்திற்குச் சென்றால் சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, இராமன்துறை. கடலோடிகள் வாழும் ஊரே துறை. வீடும் வலையும் வழிபாடும் அதனுள் அடக்கம். புதிய துறைமுகப் பணியால் கடலரிப்பு மிகுகிறது, வீடுகள் போகின்றன என்று கூறி 2022-ஆம் ஆண்டில் மீனவ மக்கள் நூறு நாட்களுக்கு மேல் போராடினர். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் ‘போர்ட்’ என்று மட்டும் அறிந்த பிள்ளையின் கண்ணுக்குப் பாரந்தூக்கிகளும் சரக்குப் பெட்டிகளுமே தெரியும். ‘துறை’ என்று அறிந்த பிள்ளையோ, பெருங்கலம் அணையும் இடமும் கட்டுமரம் அணையும் இடமும் ஒரே பெயர் கொண்டவை என்பதை உணரும். துறைக்காகத் துறை அழியலாமா என்னும் வினா அதன் நெஞ்சில் தானே எழும்.

பிறமொழிச் சொல்லையே தீண்டலாகாது என்பது நம் கொள்கையன்று. ஆங்கிலமே இலத்தீனிடம் கடன் பெற்றது. நம் கட்டுமரத்தையும் ‘கேட்டமரான்’ என எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட கலத்திற்கு அப்பெயரைச் சூட்டியது. கொண்ட சொல்லுக்கு வேலை கொடுத்தனர் அவர்கள். உள்ள சொல்லுக்கே ஓய்வு கொடுக்கிறோம் நாம்.

அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விழிஞ்ஞம் செல்வோர், வழியிலுள்ள ஊர்ப்பெயர்களை உரக்கச் சொல்லிச் செல்லுங்கள். அப்பெயர்கள் ஏன் ‘துறை’ என்று முடிகின்றன என்று பிள்ளை கேட்கும். அக்கேள்விக்கு விடை கூறத் தெரிந்தால், நம் வீட்டில் தமிழ் இன்னும் கரையொதுங்கவில்லை என்று நம்பலாம்.