ரத்தம் எங்களுடையது, கேள்வியும் எங்களுடையது

முத்துப்பேட்டைப் பக்கம் நடவு முடித்துக் கரையேறும் பெண்களிடம் "ஆராய்ச்சிக்கு வர்றாங்க" என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "ரத்தம் எடுப்பாங்களா?" அடுத்தது, "எடுத்துட்டு என்ன செய்வாங்க?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பெரிய ஆய்வு நிறுவனங்கள் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை என்பதே எங்கள் புகார்.

எங்கேயோ போக வேண்டாம், திண்டுக்கல்லையே பார்ப்போம். 2000இல் அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வு ஒன்று தொடங்கியது. 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்கு, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை; குறை தெரிந்தால் சிகிச்சை. மற்ற 57இல் இருந்த 30,958 பெண்களுக்கு அந்தப் பரிசோதனை இல்லை. நோய் வருகிறதா, சாகிறார்களா என்ற கணக்கு மட்டும் எடுக்கப்பட்டது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதித்த பக்கம் இந்நோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. பரிசோதிக்காத பக்கம் இந்நோயில் 92 பெண்கள் இறந்திருந்தார்கள்.

மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் இதே வகை ஆய்வு நடந்தது. மூன்றிலும் சேர்த்துப் பரிசோதனை கிடைக்காத பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் இந்நோயால் செத்தவர்கள் 254 பேர். பாப் ஸ்மியர் பரிசோதனை 1940களிலேயே வந்துவிட்ட ஒன்று.

"அந்த ஊர்களில் ஏற்கெனவே எதுவும் இல்லை, நாங்கள் எதையும் பறிக்கவில்லை" என்பது ஆய்வுத் தரப்பின் வாதம். எங்களைச் சுடுவதே இதுதான். சேரிக்கு ஆஸ்பத்திரி வராமல் வைத்திருந்தது தலைவிதியா? இல்லாமையை நீங்களே வைத்துவிட்டு, அதையே தராசின் ஒரு தட்டாக்கி எடை போடுவீர்களா? நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: பின்னாளில் தமிழக அரசு தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோட்டமாக இந்தப் பரிசோதனையைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த முறை எங்கள் பெண்களுக்குப் பயன்படுகிறது. அதனால் அந்த 92 பேரைப் பற்றிக் கேட்கக்கூடாது என்றாகிவிடாது.

இப்போது காலம் மரபணுவுக்கு வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி, இந்திய நோயாளிகளின் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு 480 திசு மாதிரிகள். வரவேற்கிறோம். பிஆர்சிஏ மரபணு பற்றிய அறிவு பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த பெண்களை வைத்து வளர்ந்தது. அதனால் நம் பெண்களிடம் காணும் மாற்றங்கள் சில, "பொருள் விளங்காதவை" என்றே அறிக்கையில் வருகின்றன. ஆக, எங்கள் பெண்களும் ஆய்வில் இருக்கத்தான் வேண்டும். மறுப்பதற்கு நாங்கள் வரவில்லை.

பிரசவ காலத்து ரத்த உறைவும் அப்படித்தான். கர்ப்பத்தில் ரத்தம் எளிதாக உறையும். பிரசவத்தில் அதிகம் கொட்டிவிடாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்தக் கட்டி கால் நரம்பில் தங்கி, நுரையீரலுக்கு ஏறினால் உயிர் போகும். பிள்ளை பெற்ற பின் ஆறு வாரம் ஆபத்து அதிகம். ஐரோப்பியரில் நூற்றுக்கு சுமார் 5 பேரிடம் உள்ள ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம் இந்தியரிடம் அரிது. அப்படியென்றால் இங்கே வேறு காரணங்களை அல்லவா முதலில் தேட வேண்டும்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழகத்தில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ரத்தசோகை. இதன்மேல், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் நம் வீட்டுப் பத்தியம். (இந்தப் பழியை அரசு மேல் போட முடியாது, பாட்டிமார்களே!) ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் தைலம் தேய்த்து உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முத்துப்பேட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளித் திருவாரூரில் இருக்கிறது. இந்தத் தூரம் எந்த மரபணுவிலும் தெரியாது.

அதனால்தான் ஆய்வுகளில் சாதி வாரியாக எண்ணச் சொல்கிறோம். சாதி ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடச் சொல்லவில்லை. அப்படித் தேடுகிறவரை ஊருக்குள்ளேயே விட மாட்டோம். யாருக்குச் சோதனை கிடைத்தது, யார் தாமதமாக வந்தார்கள், யார் செத்தார்கள் என்று பிரித்து எழுதுங்கள் என்கிறோம்.

ஒப்புதல் படிவத்தை வார்டில் வலியோடு கிடப்பவளிடம் நீட்டாதீர்கள். முடிந்தவரை முந்தின மாதமே, வயிற்றுப் பிள்ளையோடு சோதனைக்கு வரும்போதே, தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். முடிவு வந்ததும் இதே தெருவுக்கு வந்து, இதே பெண்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள். வேலை நாளில் வேண்டாம், கூலி போய்விடும்.