ஒரு லட்சம் லூமெனாம்!

ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு விற்கும் எல்இடி டார்ச் பெட்டியில் ‘1,00,000 லூமென்’ என்று போட்டிருக்கும். நம்ம பசங்களும் நம்பி வாங்குறாங்க. இன்ஜினியரிங் படிக்கிற நாம ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே!

ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தால் 1000 வாட் வேணும். அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ். ஆனா உள்ளே இருப்பது ஒரே ஒரு 18650 செல். நல்ல கம்பெனி செல்லிலேயே அதிகபட்சம் சுமார் 3500 எம்ஏஹெச், 12.6 வாட்-அவர்தான். கணக்குப்படி 45 விநாடியில் காலி!

வெளிச்சத்தில் ஏமாந்தா காசோட போச்சு. செல்லில் ஏமாந்தா? அதே சைஸ் செல்லில் ‘9900 எம்ஏஹெச்’ என்று லேபிள் ஒட்டுறவன், ஓவர்சார்ஜைத் தடுக்கும் சர்க்யூட்டை மட்டும் ஒழுங்கா வெச்சிருப்பானா? லித்தியம்-அயன் செல் ஓவர்சார்ஜ் ஆனா தீப்பிடிக்கும். அதைத்தான் ஹாஸ்டல்ல தலையணை பக்கத்துல ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுட்டுத் தூங்குறோம்.

கரண்ட் போன காரிடாருக்கு 300 லூமெனே தாராளம். டார்ச் வாங்கும்போது லூமெனை விடுங்க, முதல்ல செல்லைப் பாருங்க.