கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்று நம் பெரியவர்கள் கேட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாகாது என்பதுதான் அவர்கள் எதிர்பார்த்த விடை. இரண்டு வருஷங்களுக்கு முன்வரையில் நமக்கும் அதில் சந்தேகம் ஏற்பட்டதில்லை. பிறகு நம் வீட்டுக் கொல்லையில் ஒரு சம்பவம் நடந்தது. அதையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லலாமென்று உத்தேசம்.

அடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் ஊரை விட்டுப் போனபோது தட்டுமுட்டுச் சாமான்களை யெல்லாம் வண்டியில் ஏற்றினார்கள். ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி மட்டும் பிடிபடவில்லை. அன்று முதல் அது நம்முடைய விருந்தாளியாயிற்று. இரவில் முருங்கை மரத்தில் ஏறிப் படுக்கும். விடிந்ததும் நாம் இறைக்கும் நொய்யைப் பொறுக்கும். கையை நீட்டினாலோ பத்து முழம் பறந்து போகும். வீட்டுக் கோழி என்று சொல்வதற்கில்லை. காட்டுக் கோழி என்று தள்ளுவதற்கும் இல்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாட்டுக் கோழிகளின் மூதாதை செங்காட்டுக்கோழி. அவற்றின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆகையால் மரத்தில் தூங்குவதும், வேலிப் புதரில் ஒளிந்து முட்டையிடுவதும் துஷ்டத்தனமல்ல, குலாசாரம்.

ஒருநாள் கோழியைக் காணோம். நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்து வருத்தப்பட்டோம். மூன்று வாரம் கழித்து அது வேலியோரத்திலிருந்து பதினொரு குஞ்சுகளுடன் வெளிப்பட்டது. நமக்கு ஒரே சந்தோஷம். அதைவிட அதிகமாகக் கவலை. காக்கையும் பூனையும் தின்று விடுமே என்று எண்ணி, தெருப் பிள்ளைகளைத் துணை சேர்த்துக்கொண்டு, தாயையும் குஞ்சுகளையும் வளைத்துப் பிடித்து விறகு அறையில் அடைத்தோம். தர்ம காரியம் செய்துவிட்டதாகத் திருப்தியுடன் தூங்கினோம்.

கோழி தூங்கவில்லை. சுவருக்குச் சுவர் மோதியது. காலையில் கதவைத் திறந்தபோது மூன்று குஞ்சுகள் அதன் காலில் மிதிபட்டுக் கிடந்தன. மிஞ்சிய எட்டுடன் அது பாய்ந்து ஓடிற்று. அதற்குப் பிறகு நம் கொல்லைப் பக்கமே வராமல் வெட்டவெளியில் மேய்ந்தது. காக்கை சிலவற்றைக் கொண்டு போயிற்று. ஒன்று துணி துவைக்கும் தொட்டியில் விழுந்து மிதந்தது. இரவில் சில மாயமாய் மறைந்தன. மாதக் கடைசியில் இரண்டே குஞ்சுகள் நின்றன.

பழமொழி பொய்யல்ல. ஆனால் அது பயமில்லாத கோழியைப் பற்றிய பழமொழி. பயத்தை உண்டாக்கியவர்கள் நாம்.

அடுத்த தடவை கோழி மறைந்தபோது நாம் புத்திசாலித்தனமாகச் சும்மா இருந்தோம். சும்மா என்றால் முற்றிலும் சும்மா அல்ல. தாய் தானே செய்யக்கூடியது எது, அதனால் முடியாதது எது என்று பிரித்துப் பார்த்தோம். பகலில் இரை காட்டவும், இறக்கைக்குள் சூடு கொடுக்கவும், பருந்து நிழல் தெரிந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை ஒளிக்கவும் அதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால் முடியாதவை நான்கு: இரவு, மழை, தண்ணீர்த் தொட்டி, தொற்றுநோய். இந்த நான்குதான் நம் பொறுப்பு.

அடைகாக்கும் கோழி பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை எழுந்து, சிறிது நேரத்தில் இரை தின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் அது போகும் வழியைத் தூரத்திலிருந்து பார்த்து வைத்துக்கொண்டோம். முட்டையைத் தொடவில்லை. கோழி எழுந்து போன சமயம் பார்த்துக் கருவேல முள்ளை வெட்டிக் கூட்டின் மூன்று பக்கமும் வைத்து, ஒரு வழி மட்டும் விட்டோம். பத்தடி தள்ளி ஒரு மரக்கூண்டை வைத்து, கதவைத் திறந்தபடியே கட்டி, அதற்குள் கம்பும் தண்ணீரும் வைத்தோம். முதல் இரண்டு நாள் கோழி அதைச் சுற்றி வந்து சந்தேகப்பட்டது. மூன்றாம் நாள் உள்ளே போய்த் தின்றது. அதன் பிறகு அது தினந்தோறும் போகும் இடமாகி விட்டது.

கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லை வைத்தால் பகலுக்குப் போதும், இரவுக்குப் போதாது. பெருச்சாளி மண்ணைத் தோண்டி அடியில் வரும். கீரி சிறு சந்திலும் நுழையும். ஆகையால் அடியில் செங்கல் பரப்பி, பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தோம். மேலே மழை ஒழுகாத கூரை. உள்ளே உலர்ந்த மணல். நனைந்த குஞ்சு குளிரிலேயே இறந்துவிடும்.

21-ஆம் நாள் குஞ்சுகள் பொரிந்தன. உடனே அவற்றுக்கு இரை வைக்க ஓட வேண்டாம். முட்டையின் மஞ்சட்கரு வயிற்றுக்குள் சென்று இரண்டு நாளைக்கு ஆகாரமாக இருக்கும்; கடைசிக் குஞ்சு வெளிவரும் வரையில் தாய் காத்திருப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. ஓட்டை உடைக்கத் திணறும் குஞ்சுக்கு உதவி செய்யவும் கூடாது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும்.

இரண்டாம் நாள் மாலை கோழி பத்துக் குஞ்சுகளுடன் எழுந்து, நேரே தனக்குத் தெரிந்த கூண்டுக்கு வந்தது. இருட்டிய பின் சத்தமின்றிக் கதவைச் சாத்தினோம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாதாகையால் அது கலங்கவில்லை. குஞ்சுகளுக்கு மரமேற வராத நாட்களில் தாயும் தரையில் படுக்கிறது. ஆபத்து அதிகமான காலம் அதுவே. வெயில் ஏறிய பின் கதவைத் திறந்துவிடுவோம். பகல் முழுவதும் அதன் ராஜ்யம்.

தொட்டியை மூடினோம். குடிக்க ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தோம். நொய்யும் கேழ்வரகும் மட்டும் வளர்ச்சிக்குப் போதாது. பழைய பானையில் ஈர வைக்கோலும் சாணமும் அடைத்துப் புற்றருகே மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிடச் சிறந்த விருந்து கிடையாது. காக்கைக்குப் பயந்து, இரையைப் புதரோரத்தில்தான் வைக்க வேண்டும், வெட்டவெளியில் கூடாது.

மிகுதியாகக் கொல்வது காக்கையல்ல, வெள்ளைக் கழிச்சல். இந்த நோய் இமயமலைச் சாரலிலுள்ள ராணிகேத்தில் காணப்பட்டதால் அவ்வூர்ப் பெயராலும் வழங்குகிறது. வந்தபின் மருந்தில்லை. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது வழக்கமான முறை. இரவில் கூண்டுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொட்டுவிட்டால் தாயைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு குப்பி பல வீட்டுக் குஞ்சுகளுக்குப் போதும். கரைத்துவிட்டால் நெடுநேரம் தாங்காது. எனவே தெருவார் சேர்ந்து, கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்வது சிக்கனம்.

பத்தில் ஒன்றைக் காக்கை கொண்டு போயிற்று. ஒன்று பிறவியிலேயே நோஞ்சான். நான்காம் நாள் போய்விட்டது. மற்ற எட்டும் இறகு முளைத்து நின்றன. எட்டாம் வாரம் ஒரு காலையில் தாய் அவற்றைக் கொத்தி விரட்டிவிட்டு, அன்றிரவே முருங்கை மரத்தில் ஏறிப் படுத்தது. எட்டும் கீழ்க்கிளையில் வரிசையாக உட்கார்ந்தன.

கோழி நமக்கு நன்றி பாராட்டுவதாகத் தெரியவில்லை. இன்றும் கையை நீட்டினால் பத்து முழம் பறக்கிறது. பறக்கட்டும், நாமும் கையை நீட்டுவதில்லை.