நீரில் வாழ்ந்தவர்க்கு நிலம் மட்டுமா அளவுகோல்?

'நாடோடி' என்னும் சொல் அதிகாரம் உடையோர்க்கு மிகவும் வசதியானது. ஒருவரை ஓர் இடத்திலிருந்து அகற்ற வேண்டுமாயின், அவருக்கு இடமே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டால் போதும். ஜொகூர் நீரிணையில் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே வாழ்ந்த ஓராங் ஸ்லேத்தார் மக்களுக்கு இச்சொல் தாராளமாகவே வழங்கப்பட்டது. வீடற்றவர், நிலையற்றவர், கரையேற்றிக் காப்பாற்றப்பட வேண்டியவர் என்று நல்லெண்ணம் படைத்தோரும் கூறுவர். இக்கூற்றில் உள்ள பிழை சிறியதன்று.

ஜே. டி. தாம்சன் என்னும் நில அளவையாளர் 1847இல் இம்மக்களைப் பற்றி எழுதினார். ஏறத்தாழ 200 பேர், 40 படகுகள் என்பது அவர் தந்த கணக்கு. இருபதடி நீளமும் எட்டாத படகின் ஒரு முனையில் அடுப்பு. நடுவில் தட்டுமுட்டுப் பொருள்கள். காஜாங் என்னும் ஓலைப்பாய்க் கூரையின்கீழ் ஐந்தாறு பேர், அவர்களுடன் நாயும் பூனையும். அடுப்பும் கூரையும் குழந்தைகளும் ஒருங்கே அமைந்த இடத்திற்கு வீடு என்பதன்றி வேறு பெயர் உண்டா?

அவ்வீடு சென்றதும் போக்கற்ற செலவன்று. நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் கடல்நீரே அதன் நாட்காட்டி. வற்றத்தில் சேற்றுத் திடலில் சிப்பியும் நண்டும்; பெருக்கில் கழிமுகத்து மீன்; காற்று மிகுந்தால் பக்காவ் மரங்களின் இடையே ஒதுக்கம். எந்த ஓடைக்கு எப்பொழுது செல்வது என்று அறியாதவன் அங்கே பட்டினி கிடப்பான். பத்து ஏக்கரைச் சுற்றி வருபவன் உழவன். பத்துக் கல் நீரைச் சுற்றி வருபவன் மட்டும் அலைபவனா? தமிழ் இலக்கணம் கடலையும் அதனைச் சார்ந்த இடத்தையும் நெய்தல் என்று பெயரிட்டு ஐவகை நிலத்துள் ஒன்றாக வைத்தது. இதனைப் பள்ளியில் ஓதிய தமிழரும் படகு வாழ்வோரை இடமற்றவர் என்று பேசுவது வியப்பே.

நீரிணையை முதலில் அறுத்தது கடற்பாலம். 1923இல் அதன்மீது இரயில் ஓடத் தொடங்கியது. 1924இல் அது முறையாகத் திறக்கப்பட்டது. அன்றைய பொறியாளர்களுக்கு ஒரு சிறு மனச்சான்றேனும் இருந்தது. படகுகள் மறுபுறம் செல்ல ஜொகூர்க் கரையோரம் ஒரு நீர்ப்பூட்டு வைத்தனர். 1942 சனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தைத் தகர்த்தபோது அதுவும் அழிந்தது. பாலம் மீண்டது, வழி மீளவில்லை. 1965இல் அதே நீரின் இரு கரைகளும் இரு நாடுகளாயின. 1975இல் கிராஞ்சி ஆற்றுக்கும், 1986இல் ஸ்லேத்தார் ஆற்றுக்கும் அணை வந்தது. நீர்த்தேக்கத்திற்கும் விமான நிலையத்திற்கும் ஸ்லேத்தார் என்னும் பெயர் நிலைத்தது, படகுகள் நிலைக்கவில்லை. ஜொகூர்க் கரையிலோ பக்காவ் காடுகள் வெட்டப்பட்டு மணல் கொட்டப்பட்டது.

கரையேறியதால் பள்ளியும் மருந்தகமும் மின்விளக்கும் கிடைத்தனவே என்று கேட்பர். கிடைத்தன; அவற்றின் அருமையை மறுப்பவர் யாருமிலர். ஆனால் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் கட்டணமாகத் தந்தையின் கடலைக் கேட்பது எந்நாட்டு முறை? தோட்டத்துப் பிள்ளை பள்ளி செல்வதற்காக எவரும் தோட்டத்தை மூழ்கடிக்கவில்லை.

சட்டமும் கரையிலேயே நின்று பார்க்கிறது. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம், நிலம் கைமாறும்போது அம்மக்கள் உரிமை நிறுவிய பழமரத்திற்கும் ரப்பர் மரத்திற்கும் இழப்பீடு உண்டு என்கிறது. நண்டு வாழும் சேற்றுக்கும் மீன் ஏறும் ஓடைக்கும் அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஒதுக்கிய நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டால் இழப்பீடு 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று கூறவில்லை. இவ்விரு வினைமுற்றுகளின் வேறுபாட்டை நடுநிலைப்பள்ளி மாணவனும் அறிவான்.

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. லிங்கியூ அணைக்காகத் தம் காட்டை இழந்த ஜக்கூன் மக்கள் தொடுத்த வழக்கில், ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 1996இல் 2 கோடியே 65 இலட்சம் ரிங்கிட் இழப்பீடு விதித்தது. அவர்கள் அக்காட்டில் வேலியிட்டுப் பயிர் செய்தவர் அல்லர். உணவு தேடித் திரிந்தவர். திரிந்து பிழைத்த காடு உரிமையாகும் என்றால், துழாவிச் சென்று பிழைத்த நீர் ஏன் உரிமையாகாது? கடலில் மணல் கொட்ட அனுமதி வழங்கும் முன், ஸ்லேத்தார் மக்கள் சென்ற ஓடைகளையும் தங்கிய கழிமுகங்களையும் வரைபடத்தில் குறித்து, அவற்றையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும். அந்த இடங்களைக் காட்டக்கூடிய, படகில் பிறந்த முதியோர் சிலர் இன்னும் அக்கரையிலேயே இருக்கின்றனர்.