இரண்டு தட்டும் சமமா?

போன மாதம் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் முழுவதும் மூட்டையும் முடிச்சும். கல்யாணச் சீர்தானோ என்று விசாரித்தால், சைக்கிள் யாத்திரையாம்! அக்காள் பெண் இரண்டு சிநேகிதிகளுடன் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறாள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர்.

"வழியிலே பசித்தால் குழந்தை என்ன செய்வாள்?" என்று சொல்லிக்கொண்டே, முறுக்கு டின், ஊறுகாய் பாட்டில், தண்ணீர்க் கூஜா எல்லாவற்றையும் வலப்பக்கத்துப் பையிலேயே திணித்தாள் அக்காள். இடப்பக்கத்தில் இரண்டு புடவைத் துண்டும் சீப்பும். உச்சியில் ஒரு போர்வை மூட்டை.

பெண் தெருமுனை வரைதான் போனாள். திருப்பத்தில் வண்டி வலப்பக்கம் இழுத்தது. சைக்கிளும் அவளுமாக நடு ரோட்டில்! பின்னால் வந்த ஆட்டோக்காரர் சட்டென்று நிறுத்தினாரோ, பிழைத்தோம். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

"நானே என் பெண்ணைத் தள்ளிவிட்டேனேடி!" என்று அக்காள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "யாத்திரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்!"

"தப்பு மூட்டையிலே இருக்கிறது, அக்கா. யாத்திரை என்ன செய்யும்?" என்றேன். தெருக்கோடி சைக்கிள் கடைக்காரரை அழைத்து வந்தோம். அவர் சொன்னதை நீங்களும் கேட்டு வையுங்கள்; உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பிள்ளையோ நாளைக்குக் கிளம்பலாம்.

முதலில், இரண்டு பக்கப் பைகளும் ஒரே எடை இருக்கவேண்டும். கண் மதிப்பு உதவாது. தராசில் நிறுத்துப் பாருங்கள். கனமான சாமான்கள் பையின் அடியில், சக்கரத்தை ஒட்டினாற்போல் இருக்கட்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத்தானே எடுக்கிறோம்? கையை நீட்டிப் பிடித்தால் என்ன ஆகும்? அதே கணக்குத்தான். போர்வை போன்ற லேசான சாமான்கள் மேலே.

ஹாண்டில்பார் பையில் பணம், போன், வரைபடம் போதும். அங்கே கனம் ஏறினால் திருப்புவது கஷ்டம். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கக் கூடாது. கயிற்று நுனியோ தாவணி முனையோ சக்கரக் கம்பிகளில் சிக்கினால் ஆபத்து, இழுத்துச் செருகிவிடுங்கள். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின் டயரில் காற்றுக் குறையக் கூடாது. பாரம் ஏற்றிய வண்டி பிரேக் பிடித்தாலும் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். ஆகையால் முதல் நாளே முழு மூட்டையுடன் ஓட்டிப் பார்ப்பது உத்தமம்.

டெர்வ்லா மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெண்மணியைப் பற்றியும் அக்காளுக்குச் சொன்னேன். பத்தாவது பிறந்த நாளுக்கு அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு சைக்கிளும் ஓர் அட்லஸும். இந்தியாவுக்குச் சைக்கிளிலேயே போவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். 1963 ஜனவரியில், கொட்டும் பனியில் கிளம்பி, அதே வருஷம் டில்லி வந்து சேர்ந்தார். ஆசியாவின் கரடுமுரடான பாதைகளுக்குத் தாங்காது என்று, கிளம்பும் முன் சைக்கிளின் கியரையே கழற்றி வைத்துவிட்டாராம்!

"கியரையே கழற்றினாளா?" என்று அக்காள் வியந்தாள். சற்று யோசித்தாள். பிறகு ஊறுகாய் பாட்டிலைத் தானே எடுத்து அலமாரியில் வைத்தாள். கூஜாவும் உள்ளே போயிற்று. முறுக்கை மட்டும் விட மனம் வரவில்லை. எண்ணி, இரண்டு பொட்டலமாகக் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள்.

சிராய்ப்பு ஆறியதும் பெண் கிளம்பினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. அக்காள் கை நடுங்க எடுத்தாள்.

"அம்மா, ஒரு முறுக்குக்கூட நொறுங்கவில்லை!"