பூட்டிய வீட்டுக்குச் சலுகை, சாவி யாருக்கு?

வரிச் சட்டம் ஆடிட்டர்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் எந்த வீட்டுக்கு அரசு விட்டுக்கொடுக்கிறது, எந்தக் கூரைக்குக் கறாராக வசூலிக்கிறது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

பிரிட்டனில் வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். வீடு இரண்டு ஆண்டுகள் யாரும் குடியிருக்காமல் கிடந்திருந்தால், ஆதாரம் காட்டினால் 5 சதவீதம்தான். பத்து ஆண்டுகள் காலியாகக் கிடந்ததைப் புதுப்பித்து விற்றால் அந்த விற்பனைக்கு வரி பூச்சியம். தண்டமும் உண்டு. இங்கிலாந்தில் ஓராண்டுக்கு மேல் காலியாக வைத்திருந்தால் உள்ளாட்சி மன்றம் வீட்டு வரியை இரட்டிப்பாக்கலாம். பத்து ஆண்டு தாண்டினால் நான்கு மடங்கு வரை போகலாம்.

வீடு பூட்டிக் கிடப்பது ஊருக்கே இழப்பு என்று ஒத்துக்கொள்ளும் விதி இது. அந்த அளவில் நல்லது. ஆனால் ஒழுகும் வீட்டில் குடியிருந்துகொண்டே கூரையைச் சரிசெய்பவர் அதே வேலைக்கு 20 சதவீதம் கட்டுகிறார். புதுப்பித்த வீட்டை எளியவருக்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இங்கே நிலைமை இன்னும் மோசம். ஒருவரின் இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தால், வாடகைக்கு விட்டதாகவே கணக்கிட்டு வருமான வரி போடுவது முன்பு வழக்கம். 2019 பட்ஜெட் அதை நீக்கியது. புதுப்பிக்க வேண்டும், யாரையாவது குடிவைக்க வேண்டும் என்ற எந்த நிபந்தனையும் இல்லாத சலுகை இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் காலி. 2012இல் அரசின் வல்லுநர் குழு சொன்ன நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையோ சுமார் 1.88 கோடி.

சேரியில் தொகுப்பு வீட்டின் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் குடும்பத்துக்கு என்ன சலுகை? வீடு பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளப் பழைய வருமான வரி முறையில் இடமுண்டு. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத கூலித் தொழிலாளிக்கு அதனால் பயன் இல்லை. அவர் வாங்கும் ஒவ்வொரு சிமெண்ட் மூட்டைக்கும் ஜிஎஸ்டி மட்டும் தவறாமல் போகிறது. 2025 செப்டம்பர் வரை அது 28 சதவீதம், இப்போது 18.

பூட்டு திறந்தால் மட்டும் போதுமா? 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி பெயரில் விடுதியில் தங்கினார், தெரிந்ததும் விரட்டப்பட்டார். சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடிப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு சாத்தப்படுவதையே காட்டியது. "சைவமா?" என்று வீட்டுக்காரர் கேட்கும்போது எதைக் கேட்கிறார் என்பது நம் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே காலி வீட்டுக்குச் சலுகையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரிச் சலுகை என்பது மக்கள் பணம். அதைப் பெறும் வீட்டுக்காரர், சாதியோ மதமோ கேட்டு ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். மீறினால் சலுகையை வட்டியோடு அரசு திரும்ப வாங்கட்டும். சலுகை காலி வீட்டோடு நின்றுவிடாமல், குடியிருந்துகொண்டே பழுதுபார்க்கும் ஏழையின் சிமெண்டுக்கும் கம்பிக்கும் வந்து சேரட்டும்.

முதல் வேலையை நாமே தொடங்கலாம். உங்கள் நகராட்சியில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அவற்றுக்கு என்ன வரி வசூலாகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கணக்கே இல்லை என்று பதில் வந்தால், நம் போராட்டத்தின் முதல் கோரிக்கை அந்தக் கணக்குதான்.