கல்லுக்கு விலைபோன வீடு

சில காலத்தின் முன் மாணவர் சிலரைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். முன்றலில் நிற்கும் சேர் வில்லியம் கிரகரியின் சிலையைச் சுட்டி, 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இந்நூதனசாலை திறக்கப்படுதற்குக் காரணராயிருந்த தேசாதிபதி இவரே என்று கூறினோம். மாணவனொருவன், "பழம்பொருள்களுக்கெல்லாம் வீடு கட்டினாரே, ஐயா, இவருடைய வீடு இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். "அது இல்லை" என்று சொல்லி அப்பால் நடந்துவிட்டோம். அவ்வினாவுக்கு அவ்வளவு சுருங்கிய விடை போதாது.

அவ்வீடு அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தில், கோர்ட் என்னுஞ் சிற்றூருக்கு அண்மையில் இருந்தது. கூல் பார்க் என்பது அதன் பெயர். கிழக்கிந்தியக் கொம்பனியின் தொடர்பாற் பெரும்பொருள் ஈட்டிய றொபேட் கிரகரி என்பவர் 1768இல் அந்நிலத்தை வாங்கி வீட்டைக் கட்டுவித்தார். ஆகவே அதன் அத்திவாரத்திலேயே கீழைத்தேயப் பணம் கிடந்தது. வீட்டுக்குப் பெரிய அலங்காரம் ஒன்றுமில்லை. சூழ்ந்த காடும் ஏரியுமே அழகு செய்தன. அவ்வேரியும் விந்தையானது. சுண்ணாம்புக்கல் நிலமாதலால் நீர் நிலத்தடி வழியாக வந்து பெருகும். அவ்வழியே வடிந்தும் போகும். நிலாவரையைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வீட்டின் கதையில் விரைந்து கடக்கலாகாத ஆண்டு 1847. உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிய, அயர்லாந்தில் மக்கள் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்துகொண்டிருந்தனர். அப்போது இளம் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த வில்லியம் கிரகரி, ஏழைகள் நிவாரணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பித்தார். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருக்குங் குடியானவன், அதனை விட்டாலன்றி நிவாரணம் பெறலாகாது என்பது அதன் கருத்து. கால் ஏக்கர் என்பது யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு. ஐந்து பரப்பிற் பயிரிட்டவன் பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமாயின் நிலத்தைக் கைவிட வேண்டும். விட்டால் அடுத்த ஆண்டு விதைக்க இடமில்லை. நிலத்தோடு குடிசையும் போயிற்று. பற்பல இடங்களில் நிலப்பிரபுக்கள் குடிசைகளை இடித்துத் தள்ளினர். அச்சட்டப்பிரிவு இன்றும் கிரகரி பெயராலேயே வழங்குகின்றது. அவர் தந்தையாரோ, பசித்த குடிகளுக்கு உதவப்போய்க் காய்ச்சல் தொற்றி அதே ஆண்டில் இறந்தார்.

வில்லியம் பின்னர்க் குதிரைப் பந்தயத்திற் பொருளை இழந்து நிலத்திற் பெரும்பகுதியை விற்றார். 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்டார். 1873இல் வடமத்திய மாகாணத்தை அமைத்ததும், பழுதடைந்த குளங்களைத் திருத்த முயன்றதும் அவர் செயல்கள். நுவரெலியா வாவி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உழவனுக்கு நீர் தேடிய இவரா அச்சட்டப்பிரிவைக் கொணர்ந்தவர் என்று ஐயுறத் தோன்றும், இருவரும் ஒருவரே.

1880இல், தமது அறுபத்துமூன்றாம் வயதில், இருபத்தேழு வயதினரான ஒகஸ்ரா என்பாரை அவர் மணந்தார். கூல் பார்க்கை உலகறியச் செய்தவர் இவ்வம்மையாரே. 1892இற் கணவர் இறந்தபின், கிரகரி சீமாட்டி அயர்லாந்து மொழியைப் பயின்று, குடியானவர் வாயினின்று பழங்கதைகளைத் திரட்டினார். கவிஞர் யேற்ஸ் 1897 தொடக்கம் கோடைதோறும் அங்கே தங்கினார். 1904இல் டப்ளினில் அபி நாடகசாலை திறக்கப்படுவதற்கு இவ்விருவரும் முன்னின்றனர். தோட்டத்துச் செம்பீச்சு மரத்தின் பட்டையிலே விருந்தினர் தம் பெயரின் முதலெழுத்துக்களைக் கீறிச் சென்றனர். பேர்ணாட் ஷா, சிங், ஓ'கேசி முதலியோர் எழுத்துக்கள் அவற்றுட் சில. (மாணவர் இதனைப் படித்துவிட்டுக் கல்லூரி மரங்களிற் கைவைக்க வேண்டாம்.)

துயரமும் வந்தது. ஒரே மகன் றொபேட், விமானப்படையிற் பணிபுரிகையில் 1918 ஜனவரியில் இத்தாலியில் உயிரிழந்தார். 1922இல் உள்நாட்டுப் போரின்போது சீமாட்டி பிறந்த றொக்ஸ்பறோ மாளிகை எரிக்கப்பட்டது. கூல் பார்க் எரியவில்லை. 1927இல் அது வனப்பகுதியாக அரசாங்கத்துக்கு விற்கப்பட, தாம் வாழ்ந்த வீட்டிலேயே வாடகை கொடுத்துக் குடியிருந்து, 1932 மே மாதத்திற் சீமாட்டி காலமானார். அவ்வீடு அழியுமென்று முன்னுணர்ந்து கவி புனைந்த யேற்ஸ், 1939இல் மறைந்தமையால், அதனைக் காணவில்லை. 1941இல் ஒப்பந்தக்காரர் ஒருவர் கல்லுக்காக வீட்டை வாங்கி இடித்தார்.

அரசாங்கம் அதனைக் காத்திருக்க வேண்டும் என்போர் சொல்வது நியாயமே. ஆயினும், 1847இல் இடிந்த குடிசைகளின் பேரப்பிள்ளைகள் ஒரு நிலப்பிரபுவின் கூரைக்காகக் கண்ணீர் சிந்தவில்லையென்றால், அவர்களை நாம் எவ்வாறு நோவது? சீமாட்டியின் வீட்டுக்காகவே நாம் வருந்துகிறோம். அதுவே வில்லியத்தின் வீடாகவும் இருந்ததுதான் தொல்லை.

இன்று அங்கே அத்திவார மேடையும் குதிரைலாயமும் மதில்சூழ்ந்த தோட்டமும் எஞ்சியுள்ளன. செம்பீச்சு மரம் வேலிக்குள் நிற்கின்றது. பட்டை பருக்கப் பருக்க எழுத்துக்களும் உருமாறி வருகின்றன. அடுத்த முறை அச்சிலையருகே நிற்கும்போது மாணவருக்கு இவ்வளவையும் கூற எண்ணியிருக்கிறோம். அந்த நாலு பரப்புக் கணக்கையுஞ் சேர்த்து.